பழைய பாக்கெட் வாட்ச்சுக்கு பாலிஷ் போடச் சொல்லாதீங்க ஐயா

ஆசிரியர் ஐயாவுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க பேப்பர்ல பழைய பொருள் வாங்கி விக்கிறது பத்தி ஒரு பக்கம் போட்டிருந்தீங்க. அதுல தாத்தா காலத்து பாக்கெட் வாட்ச் வீட்டுல கிடந்தா வெள்ளிய நல்லா பாலிஷ் போட்டு, ஓடலேன்னா உள்ள புது மெஷின் மாத்தி வச்சா நல்ல விலைக்குப் போகும்னு ரெண்டு வரி வந்துருந்துச்சு. அந்த ரெண்டு வரிக்காகத்தான் இந்த லெட்டர். அதப் படிச்சதுல இருந்து எனக்கு மனசே சரியில்ல. ஏன்னா எங்க வீட்டுல அதே மாதிரி ஒரு கடிகாரத்துக்கு அதே வேலைய செஞ்சு பாதிய இழந்துட்டோம், மீதிய மீட்டுக் கொண்டுவர ஒன்றரை வருஷம் ஆச்சு. உங்க பேப்பரு தொண்டியில இருந்து சாயல்குடி வரைக்கும் எல்லா டீக்கடையிலயும் கிடக்கு, அதப் பாத்துட்டு இன்னும் எத்தன பேரு ட்ரங்குப் பெட்டியத் தொறந்து எடுத்துக்கிட்டு பாலிஷ் கடைக்குப் போகப் போறாகளோ.

நான் மண்டபத்துல 38 வருஷமா விசைப்படகு இன்ஜின் வேலை பாக்குறவன். வாட்ச் வேலை என் தொழில் இல்ல. எங்க பூட்டன் தனுஷ்கோடியில சங்கு ஏவாரம் பாத்தவரு, கொழும்புக்கும் இங்கயுமா போய்வந்தவரு. 1914-ல பாம்பன் பாலம் தொறந்து போட் மெயில் ரயிலு தனுஷ்கோடி வரைக்கும் வந்து, அங்க இருந்து தலைமன்னாருக்கு கப்பல் போன காலம். கொழும்புல ஒருத்தரு குடுக்க வேண்டிய பாக்கிக்குப் பதிலா இந்தக் கடிகாரத்தக் குடுத்தாராம். தனுஷ்கோடி ஸ்டேஷன்ல போட் மெயில் வர்ற நேரத்த வச்சு தினமும் முள்ளத் திருப்பி வச்சுக்குவாராம், அப்பத்தா சொல்லுவாக. அத நாங்க சும்மா கதைன்னு நெனச்சோம், பின்னாடிதான் தெரிஞ்சுச்சு இந்த மாதிரி கடிகாரம் நல்லா ஓடுனாலே ஒரு நாளைக்கு அஞ்சு பத்து நிமிஷம் முன்னப்பின்ன போகும்னு. அப்ப தினமும் திருப்பாம எப்புடி?

1964 டிசம்பர் புயலுக்கு பத்து நாளைக்கு முன்னாடி அப்பத்தா அவுக தங்கச்சி பிரசவத்துக்காக மண்டபம் வந்திருக்காக, கையில ஒரு தகரப்பெட்டி, அதுக்குள்ள சேலைக்கு அடியில இந்தக் கடிகாரம். 22-ந்தேதி ராத்திரி தனுஷ்கோடியே போயிருச்சு. வீடு, வலை, வள்ளம், சங்கு அடுக்கி வச்ச கொட்டகை எதுவும் மிஞ்சல. அந்த வீட்டுல இருந்து இன்னிக்கு எங்க கையில இருக்கறது இது ஒண்ணுதான். அதனாலதான் ஐயா இவ்வளவு எழுதுறேன்.

இப்ப நடந்தத சொல்றேன். மூணு வருஷத்துக்கு முன்னாடி அப்பா தவறுனதும் பெட்டியத் தொறந்தோம். வெள்ளி கறுத்துப் போயி அடுப்புக்கரி மாதிரி இருந்துச்சு. வெளியூர்ல ஒரு கடையில இதெல்லாம் சரி பண்ணுவாகன்னு என் மச்சான் ஒருத்தரு கொண்டு போனாரு, நல்ல எண்ணத்துலதான். அந்தக் கடையில சாவிய மாட்டி ரெண்டு பக்கமும் அழுத்தித் திருகிப் பாத்திருக்காக, உள்ள படக்குன்னு ஒரு சத்தம், அப்புறம் சாவி லூசா சுத்த ஆரம்பிச்சிருச்சு. மெஷின் செத்துப் போச்சு, தூக்கிப் போட்டுட்டு பேட்டரி மெஷின் வச்சுத் தாறோம்னு சொல்லியிருக்காக. மச்சான் யோசிச்சுச் சொல்றேன்னு சொல்லிட்டு வர்றதுக்குள்ள வெளிக்கூட்ட பஃப் மெஷின்ல குடுத்து பளபளன்னு தேச்சு வச்சுட்டாக. வீட்டுக்கு வந்தப்ப கண்ணாடி மாதிரி மின்னுச்சு, எல்லாரும் சந்தோஷப்பட்டோம், எனக்கும் அப்ப வித்தியாசம் தெரியல.

ராமநாதபுரத்துல ஒரு பெரியவரு இருக்காக, 74 வயசு, ரெண்டடி அகலத்துல ஒரு கண்ணாடிப் பெட்டி, ஒரு ஸ்டூலு, கண்ணுல மாட்டுற லென்ஸ், அவ்வளவுதான் கடை. எச்எம்டி வாட்ச்சுல கை பழகுனவரு. 1961-ல ஜப்பான் சிட்டிசன் கம்பெனி கூட சேந்து பெங்களூர்ல ஆரம்பிச்சது எச்எம்டி வாட்ச், 2016-ல மூடப் போறோம்னு அரசாங்கம் சொன்னப்ப ரெண்டு நாள் கடை தொறக்கலேன்னு சொன்னாக. அவுககிட்ட காட்டுனேன். வாங்கி வெளிக்கூட்ட ஒரு பார்வை பாத்தாக, லென்ஸ மாட்டி மறுபடி பாத்தாக, “யாருப்பா இத தேச்சது”ன்னு மட்டும்தான் கேட்டாக, அந்தக் குரல் இன்னும் எனக்குக் காதுல இருக்கு.

அந்தக் காலத்து இங்கிலாந்து பாக்கெட் வாட்ச்சுக்கு ரெண்டு கூடு. மெஷின் இருக்கறது உள்கூடு, அத முழுசா இன்னொரு கூட்டுக்குள்ள வச்சு மூடுறது வெளிக்கூடு. ரெண்டுலயும் முத்திரை குத்தியிருக்கும். நடக்குற சிங்கம் இருந்தா ஆயிரத்துக்கு 925 பங்கு வெள்ளி, சிறுத்தைத் தலை இருந்தா லண்டன்ல சோதிச்சது, ஒரு எழுத்து இருக்கும் அது எந்த வருஷம்னு சொல்லும், ராஜாவோட தலை இருந்தா வரி கட்டியாச்சுன்னு அர்த்தம், அது 1784 கடைசியில ஆரம்பிச்ச வழக்கம். வெளிக்கூட்டுல இது எல்லாம் வழிச்சு எடுத்தாப்புல போயிருச்சு, சிங்கம் இருந்த இடத்துல ஒரு சின்னப் பள்ளம்தான் மிச்சம். நல்லவேளை உள்கூட்ட அவுக தொடல. அதுல நாலு முத்திரையும் இருந்துச்சு, அத வச்சுத்தான் இது 1790-கள்ல செஞ்சதுன்னு தெரிஞ்சுச்சு. எங்க பூட்டன் கைக்கு வரும்போதே நூறு வருஷத்துக்கு மேல ஆன கடிகாரம் அது!

வெள்ளி கறுக்குறது காத்துல இருக்கற கந்தகத்தால, அது மேல ஒரு மெல்லிசான ஏடு அவ்வளவுதான், உள்ள ஒண்ணும் கெட்டுப் போகாது. பஃப் போடும்போது அந்த ஏடு மட்டும் போகல, வெள்ளியும் சேந்து போகுது, ஒரு தடவை போனா திரும்ப வராது.

அதவிட பெரிய விஷயம் உள்மூடியில இருந்துச்சு. ரிப்பேர் பண்ற ஆளுக ஊசி மொனையால சின்னதா தன் அடையாளத்தையும் தேதியையும் கீறி வைக்கிறது பழைய வழக்கமாம். எங்க கடிகாரத்துல அப்படி ஏழு கீறல் இருக்கு. ஆறு இங்கிலீஷ் எழுத்து. ஏழாவது தமிழ் எண்ணு, ௧௮௮௩. அதாவது 1883. பெரியவர் அத எனக்கு லென்ஸுல காட்டுனப்ப எனக்கு ரோமம் சிலுத்துருச்சு. யாரோ ஒரு தமிழ் ஆளு, கொழும்புலயா யாழ்ப்பாணத்துலயா வேற எங்கயுமா, எங்க பூட்டனுக்கும் முந்தி இந்தக் கடிகாரத்தப் பிரிச்சு, சரிபண்ணி, தன் மொழியில வருஷத்தக் கீறி மூடி வச்சிருக்காரு. பேரு போடல. அந்தக் கடையில உள்கூட்டையும் பஃப்ல குடுத்திருந்தா அவரு இருந்ததுக்கு உலகத்துல ஒரு சாட்சியும் இருந்திருக்காது. இதத்தான் ஐயா உங்க ரெண்டு வரி அழிக்கச் சொல்லுது.

மெஷின் செத்துப் போச்சுன்னு சொன்னாகல்ல, அது பொய். ஒரு சங்கிலிதான் அந்துருந்துச்சு. இந்த மாதிரி கடிகாரத்துல மெயின் ஸ்பிரிங் ஒரு டப்பாவுக்குள்ள இருக்கும், பக்கத்துல ஃபியூஸின்னு ஒரு கூம்பு. பாத்தா அப்படியே பம்பரம்தான், பம்பரத்துல சாட்டைய சுத்துற மாதிரி அந்தக் கூம்புல வெட்டியிருக்கற காடியில சங்கிலி சுத்தி ஏறும். ஸ்பிரிங்கு முழுசா முறுக்கியிருக்கறப்ப இழுப்பு ஜாஸ்தி, அப்ப சங்கிலி கூம்போட சின்ன முனையில இருக்கும், முறுக்கு தளரத் தளர கூம்போட அகலமான பக்கத்துக்கு வரும், அதனால ஸ்பிரிங்கு பலமா இருந்தாலும் சோந்து போனாலும் சக்கரத்துக்குப் போற சக்தி ஒரே அளவு. கியர் மாத்துற மாதிரி, ஆனா ஆளு மாத்த வேண்டாம், தானா மாறிக்கிட்டே வரும். 38 வருஷம் இன்ஜின் பிரிச்சவன் சொல்றேன், இவ்வளவு அழகான யோசனைய நான் வேற எந்த மெஷின்லயும் பாத்ததில்ல.

அந்தச் சங்கிலி பதினஞ்சு சென்டிமீட்டர்தான் இருக்கும், தடிமன் கோணி தைக்கிற நூல விட கம்மி, ஆனா உத்துப் பாத்தா சைக்கிள் செயின் மாதிரியே கண்ணி கண்ணியா, நூத்துக்கணக்குல துண்டு, ஒவ்வொண்ணுக்கும் ரிவெட்டு. இங்கிலாந்துல கிறைஸ்ட்சர்ச்னு ஒரு ஊரு, அங்க 1790 வாக்குல இருந்து பொம்பளைகளும் பிள்ளைகளும் இதையே தொழிலா செஞ்சிருக்காக, சாப்பாட்டுக்கு வழியில்லாம அநாத விடுதியில கிடந்த பிள்ளைகளையும் இதுல உக்கார வச்சிருக்காக. பலருக்கு கண்ணு போயிருக்கு. எங்க சங்கிலி எந்த ஊர்ல செஞ்சதுன்னு அதுல எழுதல. ஆனா அத உள்ளங்கையில வச்சுப் பாத்தப்ப எனக்கு எங்க அம்மா ஞாபகம்தான் வந்துச்சு, கண்ணாடிய மாட்டிக்கிட்டு கையில துணியச் சுத்திக்கிட்டு நாள் முழுக்க கடல்பாசி எடுத்துட்டு வந்து ராத்திரி கண்ணெரிச்சல்ல படுத்திருப்பாக.

பெரியவரு முதல்ல முடியாதுன்னுதான் சொன்னாக. வெர்ஜ் மெஷின் நான் வாழ்க்கையில ரெண்டு தடவைதான் தொட்டிருக்கேன், இதுக்கு ஸ்பேர் கிடையாது, ஒண்ணு ஒடஞ்சா ஒடஞ்சதுதான்னு சொன்னாக. வெர்ஜ்னா என்னன்னா, கிரீடம் மாதிரி பல்லு நிமுந்து நிக்கிற ஒரு சக்கரம், அதுக்குக் குறுக்க ஒரு மெல்லிசான தண்டு, தண்டுல ரெண்டு சின்னக் கொடி மாதிரி தகடு, ஒரு கொடி ஒரு பல்லத் தடுக்கும் விடும், அடுத்த கொடி எதிர்ப்பக்கத்துப் பல்லத் தடுக்கும் விடும், அந்தச் சத்தம்தான் டிக் டிக். ஸ்பிரிங்குல முறுக்கு இருக்கறப்ப பேலன்ஸ் வீல, அதாவது அந்தத் தண்டோட சேந்து இடமும் வலமுமா ஆடுற சக்கரத்த, கழட்டிட்டா சக்கரம் எல்லாம் பிடிமானம் இல்லாம தறிகெட்டு ஓடி கிரீடச் சக்கரத்தோட பல்லு போயிரும். அதனால முறுக்க முழுசா இறக்கிட்டுத்தான் ஸ்க்ரூவுலயே கை வைக்கணும். அந்தக் கடையில சங்கிலி அந்ததுனால முறுக்கு தானா இறங்கியிருந்துச்சு, அதோட பின்னாடி பிரிக்கவும் இல்ல. அது ஒண்ணுதான் எங்க அதிர்ஷ்டம்.

மூணு மாசம் கழிச்சு அவுகளே போன் பண்ணி கொண்டு வாப்பான்னாக. நான் வாரத்துக்கு ஒரு நாள் மண்டபத்துல இருந்து பஸ் ஏறிப் போயி பக்கத்துல உக்காந்துக்குவேன். பிரிக்கறதுக்கு முன்னாடி என் செல்போன்ல ஒவ்வொரு படியும் போட்டோ எடுக்கச் சொன்னாக. அத ஒரு நோட்டுல வேற எழுதச் சொன்னாக, எந்த ஸ்க்ரூ எந்த ஓட்டைன்னு, ஏன்னா அந்தக் காலத்து ஸ்க்ரூ ஒவ்வொண்ணும் கையால கடஞ்சது, பக்கத்து ஓட்டைக்குக் கூட சேராது. நம்ம உப்புக்காத்து உள்ள போயி ஸ்டீல் பாகம் எல்லாம் செம்பழுப்பா துரு. அத உப்புத்தாள் போட்டு தேய்க்கல, எண்ணெயில ஊறவச்சு, ஈர்க்குச்சிய பென்சில் மாதிரி சீவி அதால சுரண்டிச் சுரண்டி எடுத்தாக. பிவட்டுன்னா சக்கரத்து அச்சோட மெல்லிசான நுனி, அதத் தொடைக்க நெட்டித்தண்டு, அதுல குத்திக் குத்தி எடுத்தா அழுக்க அது வாங்கிக்கும். பித்தளைத் தகடு மேல தங்க முலாம், அது பாதரசத்துல தங்கத்தக் கரைச்சு பூசி நெருப்புல காட்டி ஏத்துனது, பிரஷ் போட்டா போயிரும்னு வெள்ளைப் பெட்ரோல்ல முக்கி எடுத்ததோட சரி. பேலன்ஸ் வீலுக்கு மேல மூடியிருக்கற தகடு முழுக்க சல்லடை மாதிரி பூவேலை, செட்டிநாட்டுக் கதவுல செதுக்குன கொடி மாதிரி, அத்தனையும் வாள வச்சு கையால அறுத்தது. யாரும் பாக்காத எடத்துல அவ்வளவு வேலை!

சங்கிலிக்கு மட்டும் மூணு வாரம் ஆச்சு. அந்து போன இடத்துல சேதமான கண்ணிய எடுத்துட்டு, தையல் ஊசிய சூடு காட்டி பதப்படுத்தி அதுல ரிவெட்டு செஞ்சு ரெண்டு முனையையும் இணைச்சாக. அந்தப் பழைய கண்ணிய தூக்கிப் போடல, ஒரு குப்பியில போட்டு எங்கிட்ட குடுத்து கடிகாரத்தோடவே வச்சுக்கன்னாக. எங்க தொழில்ல தேஞ்ச பார்ட்ட கழட்டி எறிஞ்சுட்டு புதுசு போட்டாத்தான் நல்ல வேலை, இதுல நேர்மாறுங்கிறத நான் அன்னிக்குத்தான் புரிஞ்சுக்கிட்டேன். டயல் வந்து செம்புத் தகட்டு மேல கண்ணாடிப் பொடிய உருக்கிப் போட்ட எனாமல், அதுல ஏழுக்குப் பக்கத்துல ஒரு முடி கனத்துக்கு கீறல் இருக்கு, அத அடைக்கட்டுமான்னு நான் கேட்டதுக்கு அது அப்படியே இருக்கட்டும்னு சொல்லிட்டாக. அதுதான் சரி.

எண்ணெய் பத்தி ஒண்ணு சொல்லணும், ஏன்னா நம்ம பக்கம் இதுல பண்ற தப்புதான் அதிகம். ஓடாத கடிகாரத்துல தேங்கா எண்ணெய் விடுறது, தையல் மெஷின் எண்ணெய் விடுறது, துரு எடுக்கற ஸ்ப்ரே அடிக்கிறது. எண்ணெய் வேண்டியது பிவட்டு உக்காருற குழியில ஊசி மொனையில தொட்ட அளவு, சக்கரத்துப் பல்லுல விடவே கூடாது, விட்டா தூசி ஒட்டி அரம் மாதிரி ஆகி பல்லத் தின்னுரும். அதே மாதிரி பெட்டியில இருந்து எடுத்த உடனே ஓடுதான்னு சாவி குடுத்துப் பாக்குறது. அறுபது வருஷம் எண்ணெய் காஞ்ச மெஷின ஓட்டுறது ஆயில் இல்லாத இன்ஜின ஸ்டார்ட் பண்ற மாதிரி. சாவி எந்தப் பக்கம் திருகணும்னும் கடிகாரத்துக்குக் கடிகாரம் மாறும், சிலது இடப்பக்கம். சங்கிலி மேல ஏறி முடிஞ்சதும் இதுக்கு மேல சுத்தாதன்னு தடுக்க உள்ள ஒரு நாக்கு இருக்கு, அது துருப்பிடிச்சு வேலை செய்யலேன்னா கை பலத்துல சங்கிலி அந்துரும். எங்களுக்கு ஆனது அதுதான்.

இதுல நமக்கென்ன, இது வெள்ளக்காரன் கடிகாரம்தானேன்னு ஒரு தம்பி கேட்டான். கடல்ல தொழில் பாக்குற நம்மள விட இது வேற யாருக்கு சொந்தம்னு கேட்டேன். ஜான் ஹாரிசன்னு ஒரு தச்சர், அவரு 1759-ல முடிச்ச கடிகாரமும் பெரிய பாக்கெட் வாட்ச்தான், பதிமூணு சென்டிமீட்டர் அகலம், உள்ள வெர்ஜும் ஃபியூஸியும்தான், ஆனா ரொம்ப திருத்தி செஞ்சது. 1761-ல கப்பல்ல ஜமைக்காவுக்கு அனுப்பி 81 நாள் கழிச்சு கணக்குப் பாத்தா தப்பு சுமார் 5 வினாடி. கடல்ல கிழக்கு மேற்கா எங்க இருக்கோம்னு தெரியணும்னா நேரம் தெரியணும், கடிகாரம் ஒரு நிமிஷம் பிசகினா நம்ம பாக் ஜலசந்தியில இருபத்தேழு கிலோமீட்டர் தள்ளிப் போயிருவோம், தனுஷ்கோடிக்கும் தலைமன்னாருக்கும் உள்ள தூரம் கிட்டத்தட்ட அவ்வளவுதான். இன்னிக்கு நம்ம பசங்க எல்லை தாண்டிறாம இருக்க கையில வச்சிருக்கற ஜிபிஎஸ்ஸும் மேல சாட்டிலைட்டுல இருக்கற கடிகாரத்த வச்சுத்தான் இடத்தச் சொல்லுது.

எங்க கடிகாரம் இப்ப ஓடுது. தினமும் ஓட்டுறதில்ல, வருஷத்துல ஒரு நாள், டிசம்பர் 22 சாயங்காலம் சாவி குடுப்போம், ஒரு முறுக்குக்கு ஒரு நாளைக்குக் கொஞ்சம் மேல ஓடி நின்னுரும். மத்த நாள் காத்துப் புகாத டப்பாவுல ஈரத்த உறிஞ்சுற சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட இருக்கு, ஜெல்ல மாசத்துக்கு ஒருக்கா மாத்துறோம், கடற்கரைக்காரங்களுக்கு இது ரொம்ப முக்கியம்.

நான் உங்ககிட்ட கேக்குறது ரெண்டு. அந்த வரி தப்புன்னு வர்ற ஞாயித்துக்கிழமையே அதே பக்கத்துல போடுங்க. பாலிஷ் போடாதீங்க, பேட்டரி மெஷின் மாத்தாதீங்க, வெள்ளி எடைக்கு விக்காதீங்க, மூடியத் தொறந்து உள்ள என்ன கீறியிருக்குன்னு பகல் வெளிச்சத்துல போட்டோ எடுத்து வைங்க, ரெண்டு கூட்டுக்கு நடுவுல வட்டமா ஒரு காகிதம் இருந்தா குப்பைன்னு போட்றாதீங்க அது பழைய கடைக்காரன் வச்ச விளம்பரச் சீட்டா இருக்கும். இவ்வளவு போட்டாப் போதும். கீழக்கரை, தேவிபட்டினம், பெரியபட்டினம், தொண்டி, பாம்பன்னு இலங்கைக்கும் பர்மாவுக்கும் மலேயாவுக்கும் போய்வந்த வீடு நம்ம கரையில எத்தனை இருக்கு, எல்லா வீட்டுலயும் ஒரு ட்ரங்குப் பெட்டி இருக்கு.

இன்னொண்ணு, பெரியவருக்கு கை லேசா நடுங்க ஆரம்பிச்சிருச்சு. இந்த வேலை தெரிஞ்சவுக நம்ம மாவட்டத்துல எனக்குத் தெரிஞ்சு வேற யாரும் இல்ல. பரமக்குடி, ராமநாதபுரம் பக்கம் ஐடிஐ படிக்கிற பிள்ளைகள்ல கைவேலையில ஆசை உள்ள ரெண்டு பேரு வந்தா உக்கார வச்சு சொல்லித்தர தயார், காசு வேண்டாம்னு அவுகளே சொல்லியிருக்காக. அத ஒரு சின்னப் பெட்டிச் செய்தியா போட்டீங்கன்னா, வர்ற பிள்ளைகளோட பஸ் காச நான் குடுத்துர்றேன்.

இப்படிக்கு,
விசைப்படகு இன்ஜின் மெக்கானிக் ஒருவர்,
மண்டபம்.